கடல் விலகி நிற்கும் நேரம்

பிரான்ஸின் மோன் சான் மிஷேல் தீவுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்றில் பஸ் ஓடுகிறது. இன்னொன்றைக் கடல் தினமும் இருமுறை அழித்துவிட்டுப் போகிறது.

மோன் சான் மிஷேலுக்குப் போக நினைப்பவர்கள் வரைபடத்தைப் பிரிப்பதற்கு முன்னால் கடல் அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது. பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு நாளின் கடல் ஏற்றத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கிறார்கள். 20இல் தொடங்கி 120 வரை போகும் கணக்கு இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மதிப்பெண் எகிறும். 50, 60 என்று இருந்தால் தீவைச் சுற்றிலும் சாம்பல் நிற மணல்தான். தண்ணீரைத் தொலைவில் தேட வேண்டும். நூறைத் தாண்டினால் கடல் மதில் வரை வந்து முட்டும். 110ஐத் தாண்டும் நாட்களில் பாலத்தின் முனையும் சிறிது நேரம் மூழ்கி, நிஜமாகவே தீவு தனித்துவிடும்.

சென்னை மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இங்கே அது 14 மீட்டருக்கு மேல் போகும். நாலு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வற்றும்போது கடல் பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பின்வாங்குகிறது. இந்தியாவில் இதற்குச் சற்றே பக்கத்தில் வருவது குஜராத்தின் காம்பாத் வளைகுடா. பாவ்நகர் அருகே கோலியாக் கடற்கரையில் நிஷ்கலங்க் மகாதேவர் கோயிலுக்கும் கடல் வற்றிய பிறகுதான் நடந்து போக முடியும்.

நார்மண்டிக்கும் பிரிட்டனிக்கும் இடையிலுள்ள இந்த வளைகுடாவை நால்வர் பார்க்க வந்தது ஆகஸ்ட் மாதக் கடைசியில். திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அப்புறம் ஆளுக்கொரு திசை. ஒருவர் மும்பையில் கணக்குத் தணிக்கையாளர். ஒருவர் மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பெங்களூரில் மருத்துவர். நாலாமவர் பிரிட்டனியின் தலைநகர் ரென்னில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறார். அவர் வீட்டில்தான் விடுமுறை. பாரிஸையும் லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளையும் பார்த்தாகிவிட்டது. நால்வரும் சேர்ந்து கழிக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள். அட்டவணையில் அந்த நாளுக்கு நூற்றுக்கு மேல் போட்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணியை ஒட்டிக் கடல் முழுதாக வற்றும். இரவு எட்டு மணி சுமாருக்கு முழு ஏற்றம்.

வளைகுடாவின் வடகரையில் ஜெனே என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய யாத்ரீகர்களின் வழி அங்கிருந்துதான் மணலில் இறங்குகிறது. அங்கிருந்து தீவு சுமார் ஏழு கிலோமீட்டர். இப்போதும் கோடைக்காலத்தில் தினந்தோறும் கூட்டம் கூட்டமாக இந்த வழியில் நடக்கிறார்கள். வெறுங்காலோடு, முழங்கால் வரை மடித்துவிட்ட கால்சட்டையோடு. அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது என்பது ஒவ்வொரு அறிவிப்புப் பலகையிலும் எழுதியிருக்கிறது. மதிக்கப்பட வேண்டிய அறிவிப்பு. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஆறுகள் இடம் மாறுகின்றன. நேற்றைய பாதை இன்று இல்லை.

பிரச்னை முந்தைய இரவே ஆரம்பித்துவிட்டது. மருத்துவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏழு கிலோமீட்டர் ஈரமணல். நடுவில் வேண்டாம் என்று திரும்பி வர ஒரு சாலையோ வண்டியோ கிடையாது. “நான் காரில் வருகிறேன், நீங்கள் நடங்கள்” என்றார். உடனே ஆசிரியை, “அப்படியானால் நானும் காரில்தான். சேர்ந்து சுற்றத்தானே வந்தோம்?” என்றார். “எனக்காக நீ தியாகம் செய்ய வேண்டாம். அப்புறம் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக்காட்டுவாய்” என்றார் மருத்துவர். கல்லூரி நாளைய சண்டை ஒன்றும் உள்ளே புகுந்தது. தணிக்கையாளர் இரண்டு வழிகளுக்கும் ஆகும் நேரத்தைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ரென் நண்பர், தான் கார் ஓட்டுவதாகவும் ஆசிரியையும் தணிக்கையாளரும் நடப்பதாகவும் முடிவு செய்து விளக்கை அணைத்தார். பதினோரு வருடத்தில் அவர் ஒருமுறைகூட மணலில் நடந்ததில்லை என்பது காலையில் காரில்தான் தெரியவந்தது. ஊரில் விருந்தாளி வந்தால்தான் கோயிலுக்குப் போகிற கதை.

ஜெனே கடற்கரையில் நின்றால் தீவு தென்திசையில் ஒரு முக்கோணமாகத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பதுபோல்தான் தோன்றும். ஒரு மணி நேரம் நடந்த பிறகும் அதே அளவில் தெரியும்போதுதான் கண்ணின் மோசடி புரியும். இடையில் தோம்பலேன் என்ற பாறைத்தீவு. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்து, எதிரே இருந்த மடத்தை முறைத்துக்கொண்டிருந்த இடம். இன்று அங்கே கடற்பறவைகளின் ராஜ்ஜியம்.

வழிகாட்டியான பெண்மணி முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு பதினொன்றரை மணிக்கு இறங்கினார். முதலில் அலைவரி பதிந்த கெட்டி மணல், உள்ளங்காலில் வலிக்கும். பிறகு வழுக்கும் சேறு. பாதித் தொலைவு போனதும் எல்லோரையும் நிறுத்தி, ஓர் இடத்தில் தன் எடையை மாற்றி மாற்றிப் போட்டுக் குதித்தார். கெட்டியாக இருந்த மணல் கேசரிபோல் ஆட ஆரம்பித்தது. இன்னும் நாலு மிதி. முழங்கால் வரை உள்ளே போய்விட்டார். புதைமணல். சினிமாவில் காட்டுவதுபோல் அது ஆளைத் தலையோடு விழுங்குவதில்லை. மனித உடலைவிட அது கனமானது. ஆனால் காலைப் பிடித்துக்கொள்ளும். பதறி இழுத்தால் இன்னும் இறுகும். பின்னால் சாய்ந்து, எடையைப் பரப்பி, ஒரு காலை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்து எடுக்க வேண்டும். அவர் எடுத்துக் காட்டினார். ஆபத்து மணலில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னதை ஆங்கிலம் தெரிந்த ஒரு பிரெஞ்சுக்காரர் மொழிபெயர்த்தார். மாட்டிக்கொண்ட நேரத்தில் கடல் திரும்பினால் கதை முடிந்தது.

இது புதிய எச்சரிக்கை அல்ல. நார்மண்டியின் பாயோ நகரில் பாதுகாக்கப்பட்டு வந்த, 11ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பூத்தையல் சீலையில் இந்த இடம் இருக்கிறது. பின்னால் இங்கிலாந்தின் அரசராகப்போகும் ஹரோல்ட், புதைமணலில் சிக்கிய வீரர்களைக் கைகொடுத்து இழுக்கிறார். பின்னணியில் குன்றின் மேல் மடம். இடைக்காலத்தில் இங்கே கிளம்பும் யாத்ரீகர்களுக்கு உயிலை எழுதி வைத்துவிட்டுப் போகும்படி சொல்வது வழக்கமாம். ஏற்றம் குதிரைப் பாய்ச்சலில் வரும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் வாசகம். சற்று மிகைதான், வேகமாக நடக்கும் மனிதனின் வேகம் என்பதே உண்மைக்குப் பக்கம். ஆனால் தண்ணீர் எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை. பள்ளங்களிலும் ஆற்றுத்தடங்களிலும் புகுந்து முதுகுப்புறமாக வந்துவிடும். மனிதன் மணல்மேட்டில் நின்றுகொண்டே சிறைப்பட்டிருப்பான்.

தோம்பலேனைத் தாண்டியதும் ஆறு. சே, செலூன் என்ற இரண்டு ஆறுகள் இந்த வளைகுடாவில் கலக்கின்றன. கடலில்லாத கடல்தரையில் அவை நெளிந்து ஓடுகின்றன. தண்ணீர் தொடை வரை. நல்ல குளிர், இழுப்பும் இருந்தது. ஆசிரியை நீச்சல் அறியாதவர். மதுரையில் வைகை முக்கால்வாசி நாள் வறண்டு கிடப்பதால் அதற்கு அவசியமும் நேர்ந்ததில்லை. கரையிலேயே நின்றுவிட்டார். முப்பது பேரில் இருபத்தைந்து பேர் அக்கரை போயாகிவிட்டது. தணிக்கையாளர் திரும்பி வந்து கையை நீட்டினார். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணைத் தீவின் கோபுரத்தில் வைத்து, கையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாற்பது அடிதான் இருக்கும். அக்கரை ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “அவளையும் கூட்டி வந்திருக்கலாம்.” இரண்டாவது, “நல்லவேளை, கூட்டி வரவில்லை.”

அந்த நேரத்தில் காரில் போனவர்கள் அவ்ரான்ஷ் நகரைச் சுற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்து, பெரிய வாகன நிறுத்தத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர்கள் பார்த்தது ஒரு மண்டை ஓடு. அவ்ரான்ஷின் சான் ஷெர்வே தேவாலயத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது. 708இல் அந்த ஊர் ஆயர் ஓபேரின் கனவில் அதிதூதர் மிக்கேல் வந்து, குன்றின் மேல் தனக்கு ஆலயம் கட்டச் சொன்னாராம். ஆயர் இருமுறை அசட்டை செய்ய, மூன்றாம் முறை தூதர் விரலால் அவர் தலையில் அழுத்தினார் என்பது மரபு. ஓட்டில் ஓட்டை இருக்கிறது. மருத்துவர் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தார். தன் தொழில்முறை அபிப்பிராயத்தை வெளியே வந்த பிறகும் அவர் சொல்லவில்லை.

தீவின் உண்மையான கதை இந்த வாகன நிறுத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2012 வரை கார்கள் மதிலடி வரை போயின. 1879இல் கட்டி முடிக்கப்பட்ட கரைச்சாலை ஒன்று தீவைத் தரையோடு இணைத்தது. அது நீரோட்டத்தை வழிமறித்தது. சுற்றியிருந்த கடற்சேற்றுக்கு வரப்புக் கட்டி விளைநிலமாக்கும் வேலையும் அந்த நூற்றாண்டில் மும்முரமாக நடந்தது. தீவின் பக்கத்தில் விழும் குயெனோன் ஆற்றைக் கால்வாய்போல் நேராக்கினார்கள். 1969இல் அதற்குக் குறுக்கே அணையும் போட்டார்கள். ஒவ்வொரு ஏற்றமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். அதை அடித்துக்கொண்டு போக ஆற்றுக்கு இப்போது வலுவில்லை. மணல் மேடானது. மேட்டில் புல் முளைத்தது. புல்லில் ஆடுகள் வந்தன. உப்புப் புல் மேயும் அந்த ஆடுகளின் இறைச்சிக்கு பிரான்ஸ் முழுக்க மவுசு என்பது வேறு விஷயம். இப்படியே விட்டால் 2040 வாக்கில் தீவைச் சுற்றி மேய்ச்சல் நிலம்தான் மிஞ்சும் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். கடல் நடுவே நிற்பதற்காக உலகப் புகழ் பெற்ற, 1979இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிய இடம் கடலைத் தொலைத்துவிடும் நிலை.

ஏறக்குறைய 20 கோடி யூரோ செலவில் அதைத் திருப்பிப் பிடித்தார்கள். பழைய அணையை அகற்றிவிட்டு 2009இல் எட்டுக் கதவுகள் கொண்ட கதவணை அமைத்தார்கள். ஏற்றம் தொடங்கும்போது கதவுகள் மூடியிருக்கும். கலங்கல் வெளியே படியும். கடல் உச்சத்தை நெருங்கும்போது கதவு திறந்து தண்ணீரை ஆற்றுக்குள் வாங்கி, மறுபடி மூடிக்கொள்ளும். ஆறு மணி நேரம் கழித்து, கடல் வற்றிய பிறகு, தேக்கிய நீரை ஒரே வேகத்தில் விடுவார்கள். தண்ணீர் மணலை உருட்டிக்கொண்டு போகும். கடல் கொண்டுவந்ததைக் கடல் தண்ணீரை வைத்தே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. 2014இல் மெல்லிய தூண்கள் மேல் நிற்கும் 760 மீட்டர் பாலம் திறக்கப்பட்டது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த தீத்மார் ஃபைஷ்டிங்கர் வடிவமைத்தது. அடியில் தண்ணீர் தடையின்றிப் போகலாம். பிறகு கரைச்சாலையை வெட்டி எடுத்தார்கள். 2015 மார்ச்சின் பேரேற்றத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த தீவு மறுபடியும் தீவானது. ஒரு நாடு தான் போட்ட சாலையைத் தானே பெயர்த்து எடுக்கப் பணம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

வாகன நிறுத்தத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டருக்கு இலவச பஸ். பாலத்தில் ஓடி, வாசலுக்குச் சற்று முன்னால் இறக்கிவிடுகிறது. மருத்துவரும் ரென் நண்பரும் இறங்கி, வாசல் வழியே ஊருக்குள் போகாமல், மதிலோரமாக நடந்து மணலுக்கு வந்தார்கள். இரண்டு மணிக்கு வடக்கே முப்பது புள்ளிகள் தெரிந்தன. எது யார் என்று தொலைநோக்கியில் தேடினார்கள். சேலை காட்டிக்கொடுத்தது. மருத்துவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கெட்டி மணலில் நூறடி, நூற்றைம்பது அடி, மெதுவாக எதிரே நடந்தார். முழங்கால் வரை சேறும் அதற்கு மேல் உப்புமாக வந்த ஆசிரியை அவரைக் கட்டிக்கொண்டதில் இருவர் துணியும் ஒரே நிறமாயிற்று. முந்தைய இரவின் சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைப் பாறையடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உள்ளே போனால் ஊரின் ஒரே பெரிய தெரு நெரிசலில் மூச்சுத் திணறுகிறது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில டஜன் பேர்தான். ஆண்டுக்கு வருகிறவர்களோ முப்பது லட்சத்தை நெருங்குகிறார்கள். காந்தம் ஒட்டிய பொம்மை, பிஸ்கட் டப்பா, பிளாஸ்டிக் வாள். ஆனெத் பூலார் என்ற அம்மையார் 1888இல் விடுதி திறந்து, கடல் வழி நடந்து களைத்து வருகிறவர்களுக்கு விறகடுப்பில் நுரைக்க அடித்த ஆம்லெட் போட்டுக் கொடுத்தார். அந்த ஆம்லெட்டுக்கு இன்றும் பெயர். செம்புப் பாத்திரத்தில் முட்டை அடிக்கும் தாளம் தெருவரை கேட்கிறது.

மடத்துக்கு ஏற சுமார் 350 படிகள். மருத்துவர் பாதியில் நின்று மதில் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் மாறி மாறி அவருக்குத் துணை இருந்தார்கள். மேலே போனவர்களுக்குக் கிடைத்தது ஆயிரம் வருடக் கட்டடக்கலை. 966இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்தார்கள். 1023இல் ஆலய வேலை தொடங்கியது. பாறையின் உச்சி கூர்மை, ஆலயம் அகலம். எனவே பாறையைச் சுற்றி நிலவறைகளைக் கட்டி, அவற்றின் முதுகில் ஆலயத்தை ஏற்றினார்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடபுறச் சரிவில் மூன்றடுக்காக ‘அற்புதம்’ என்று பொருள்படும் பெயருள்ள பகுதி எழுந்தது. ஏழைகளுக்கு அன்னமிடும் கூடம் அடியில். துறவிகளின் தாழ்வாரமும் உணவுக்கூடமும் உச்சியில். உணவுக்கூடத்தின் வாசலில் நின்றால் ஜன்னல் எதுவும் கண்ணில் படாது. ஆனால் கூடம் முழுக்க வெளிச்சம். சுவரின் கனத்துக்குள் ஒடுங்கிய ஜன்னல்களை வரிசையாக மறைத்து வைத்திருக்கிறார்கள். ஆசிரியை ஒவ்வோர் அடியாக முன்னே நகர்ந்து, அவை ஒவ்வொன்றாக வெளிப்படுவதைப் பார்த்தார்.

புரட்சிக்குப் பிறகு இது சிறைச்சாலை. ஆள் உயரத்துக்கு இரு மடங்குக்கும் மேலான ஒரு மரச்சக்கரம் இன்னும் இருக்கிறது. கைதிகள் அதன் உள்ளே நடப்பார்கள். சக்கரம் சுழன்று, கீழே மணலிலிருந்து மளிகை மூட்டைகளைச் சாய்வுப் பாதையில் இழுக்கும். 1863இல் சிறை மூடப்பட்டது. அரசு சிறைச்சாலை ஆக்கியிருக்காவிட்டால் கல்லை விற்றே தீர்த்திருப்பார்கள் என்பதும் உண்மைதான். கோபுர உச்சியில் வாளை ஓங்கி நிற்கும் பொன்முலாம் பூசிய மிக்கேல், எமானுவேல் ஃப்ரெமியே செய்தது, 1897இல்தான் ஏறினார்.

ஆறரை மணிக்கு நால்வரும் மதிலின் வடபுறத்தில் மருத்துவர் பிடித்து வைத்திருந்த இடத்தில் இருந்தார்கள். பக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள், பேச்சு மெல்ல அடங்கியது. முதலில் சத்தம். தொலைவில் லாரி போவதுபோல். பிறகு மணலின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு. அது தோம்பலேனைச் சுற்றி வளைத்தது. காலையில் ஆசிரியை தயங்கி நின்ற ஆற்றுத்தடத்தில் நுழைந்து, ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவைத்தது. முப்பது பேரின் கால்தடம் இருந்த இடம் முதலில் பளபளத்தது, பிறகு தண்ணீராயிற்று. தணிக்கையாளர் கைக்கடிகாரத்தில் நேரம் குறித்தார்: தோம்பலேனிலிருந்து மதில் வரை எவ்வளவு, மூன்று கிலோமீட்டர் வகுத்தல் எத்தனை நிமிடம். மும்பையில் ஹாஜி அலி தர்காவின் பாதை ஏற்றத்தில் மூழ்குவதைப் பலமுறை பார்த்தவர் அவர். இந்த முறை கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார்.

எட்டு மணிக்கு மதிலடிக் கற்களில் அலை மோதியது. பாலம் மட்டும் தண்ணீருக்கு மேல் ஒரு கோடாகத் தெரிந்தது. இருட்டிய பிறகு பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். கதவணை தேக்கிய நீரைத் திறந்துவிடுவது அதிகாலை இரண்டு மணிக்கு மேல். ரென் நண்பருக்கு அதைப் பார்க்க ஆசை. மற்ற மூவரும் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்கள். பின்சீட்டில் இரண்டு பெண்களும் கொஞ்ச தூரம் போவதற்குள் தூங்கிவிட்டார்கள். முன்சீட்டில் அடுத்த வருடத்து அட்டவணையைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.